கீழே ஒரு காலிப் பெட்டி

1867ஆம் ஆண்டு சென்னையில் ஒரு பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. பாடியவர் வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க சுவாமிகள். பாடல்களைத் தொகுத்து, ‘திருவருட்பா’ என்று பெயர் சூட்டியவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பெயர் வைத்த கையோடு வம்பும் வந்து சேர்ந்தது. தேவார, திருவாசகத்துக்கு உரிய ‘அருட்பா’ என்ற மரியாதையை நேற்றுப் பாடிய பாட்டுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கொதித்தார். கொதித்தவர் பேனாவையும் எடுத்தார்.

1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. எழுதியவர் நாவலர், வெளிவந்தது வேறொருவர் பெயரில். முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கும் வழக்கம் தமிழில் அப்போதே இருந்தது. வள்ளலார் தரப்பு சும்மா இருக்குமா? மறுப்புக்கு மறுப்பு வந்தது, அந்த மறுப்புக்குக் கண்டனம் வந்தது, கண்டனத்துக்கு இன்னொரு கண்டனம். தலைப்புகளே தனி ரகம். ‘குதர்க்காரணிய நாச மகா பரசு’ என்று ஒன்று. குதர்க்கம் என்னும் காட்டை அழிக்கும் பெருங்கோடரி என்று பொருள். இந்த அருட்பா, மருட்பாச் சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போய் வழக்கு தள்ளுபடியானது. பிரசுரங்கள் மட்டும் ஓயவில்லை. 1874இல் வள்ளலார் மறைந்தார். 1879இல் நாவலரும் போனார். அதற்குப் பிறகும் அடுத்த தலைமுறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விடாமல் எழுதிக்கொண்டிருந்தது. வேகமும் கிண்டலும் இலக்கணமும் வசையும் கலந்த அருமையான உரைநடை அது. குறை ஒன்றுதான்: பதில் சொல்ல ஆசைப்பட்டவர் ஓர் அச்சுக்கூடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அச்சுக்கூடம் கிடைக்காதவர்கள் கடிதம் எழுதினார்கள். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் பேசியவை காற்றில் போக, அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இலக்கியமாக நின்றன. திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்த மு. வரதராசனார் பிற்பாடு ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று கடிதங்களாலேயே புத்தகங்கள் எழுதினார். வீட்டுக்கு வீடு வாங்கிப் படித்தார்கள். ஆனால் அந்தத் தம்பி ஒருநாளும் திருப்பி எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கான விடை, திருப்பத்தூருக்குப் பக்கத்திலேயே வேறொரு மொழியில் ராத்திரி ராத்திரியாக ஒலித்துக்கொண்டிருந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு எல்லாம் தோல் ஊர்கள். பகலில் தொட்டிகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஊறும். பழைய முறைப் பதனிடலுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வந்து இறங்கும். விசேஷ இரவுகளில் அதே ஊர்களில் உருது முஷாயிரா நடக்கும். கவிஞர் ஓரடி சொல்வார். அடுத்த அடிக்குப் போக அவரை விடமாட்டார்கள். பிடித்தால் “வாஹ், வாஹ்!” மிகவும் பிடித்துவிட்டால் “முகர்ரர்!” அதாவது, இன்னொரு தடவை. கவிஞர் திரும்பச் சொல்வார். கூட்டத்தின் குரலைப் பார்த்து அடுத்த அடியின் அழுத்தத்தை மாற்றுவார். சுவைப்பவரின் வாயும் சேர்ந்தால்தான் அங்கே கவிதை முடியும். 1961இல் மதுரைக்கார இளைஞர் ஒருவர் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்தார். பெயர் அப்துல் ரகுமான். முப்பது ஆண்டுகள் அந்த ஊரிலேயே இருந்து கஜலையும் ஹைக்கூவையும் தமிழுக்குப் பழக்கப்படுத்தினார். தோல் ஊர்களின் ‘முகர்ரர்’ தமிழ்க் கவிதையின் காதில் விழுந்தது. ஆனால் விடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கூட்டத்தின் குரலும் பந்தலோடு போய்விடும். அந்தக் குரல் எழுத்தில் தங்குவதற்கு ஒரு பெரிய விபத்து தேவைப்பட்டது. அது தமிழ்நாட்டில் நடக்கவில்லை.

1990களின் தொடக்கம். வேலைக்கும் படிப்புக்குமாகக் கடல் தாண்டியிருந்த தமிழர்கள் பல்கலைக்கழகக் கணினிகளில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். பேச விஷயம் மலைபோல இருந்தது: இளையராஜா, இடஒதுக்கீடு, இட்லி, ஈழம். எழுதத்தான் எழுத்து இல்லை. திரைக்குத் தமிழ் தெரியாது. எனவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். அதில் கல்லும் கள்ளும் ஒன்றாயின. பாட்டுக்கும் பட்டுக்கும் வித்தியாசம் காட்ட ஓர் எழுத்தை இரட்டிக்க வேண்டியிருந்தது. ழகரத்துக்கு ஆங்கில வரிசையின் கடைசி எழுத்தைக் கொடுத்தார்கள். வெண்பாவைக்கூட அப்படியே எழுதித் தளை சரிபார்த்தவர்கள் உண்டு. இவ்வளவு அவஸ்தைப்பட்டு எழுதத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

மாறாக, ஆளுக்கொரு மூலையில் எழுத்துரு செய்யக் கிளம்பினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியிருந்தார். கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் சிறுகதையாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ கண்டார். அவருடைய முயற்சியால் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழ், தமிழாகவே தெரிந்தது. இத்தனை வெற்றியும் சேர்ந்து ஒரு பெரிய தோல்வியாக முடிந்ததுதான் வேடிக்கை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் வரிசை. ஒருவர் எழுதிய தமிழ் மற்றவர் திரையில் குப்பையாகக் கொட்டியது.

சிட்னியில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை, ‘தமிழ் நெட்’ என்ற மடற்குழுவை நடத்திவந்தார். முரசு அஞ்சல் மென்பொருளை நிறுவிக்கொண்டவர்கள் அங்கே தமிழிலேயே மடல் எழுதினார்கள். பல நாட்டுத் தமிழர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, தமிழ் எழுத்திலேயே வாதாடிய முதல் பெரிய கூடம் என்று அதைச் சொல்லலாம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். எல்லோருக்கும் ஒரே எண் வரிசை வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. முடிவு? கூட்டத்தில் வரவில்லை. தமிழ் நெட்டின் இன்னொரு மடற்குழுவில் மாதக்கணக்கில் மடல் மடலாக வாதாடி ஒரு தரம் உருவானது. அதுதான் ‘திஸ்கி’. திரையில் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்ற அந்த மகத்தான விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். வேறு வழி இல்லை. தமிழில் எழுதினால் பாதிப் பேருக்குத் தெரியாதே!

திஸ்கி வந்த பிறகும் சங்கடம் தீரவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திஸ்கி மடலைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அந்த எண்ணுக்குரிய ஐரோப்பியக் குறியாகத் தெரியும். ‘ட’ இருந்த இடத்தில் கால், ‘ண’ இருந்த இடத்தில் அரை, ‘த’ இருந்த இடத்தில் முக்கால் என்ற பின்னங்கள் நிற்கும். ‘பணம்’ என்று எழுதினால் நடுவில் அரை. ‘தமிழ்’ என்று எழுதினால் முதலிலேயே முக்கால். இதையாவது எழுத்துருவைப் போட்டுச் சரிசெய்துவிடலாம். ‘இ’க்கு நேர்ந்ததுதான் விபத்து. அந்த எழுத்துக்கு ஒதுக்கிய எண், கணினி உலகில் ஏற்கெனவே ஒரு மாயக் குறிக்குச் சொந்தமாக இருந்தது. வரி ஒடியும் இடத்தில் மட்டும் தலைகாட்டி, மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் ஒடிவுக் குறி அது. சில மென்பொருள்கள் விசுவாசமாக ‘இ’யை மறைத்துவிட்டன. ‘இலக்கியம்’ ‘லக்கிய’மாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பதிப்பில் ‘இ’க்கு இன்னோர் இடமும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அதற்குள் சென்னையிலிருந்து வேறொரு செய்தி வந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தன் பங்குக்கு ‘தாப்’, ‘தாம்’ என்று இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது பிறந்ததுதான். அது நல்ல பிள்ளை, இன்றும் வாழ்கிறது. ஆனால் தரங்கள் மூன்றாகிவிட்டன. தமிழ் உலகம் திஸ்கிக் கட்சி, தாப் கட்சி என்று பிரிந்து, மடற்குழுக்களில் அடுத்த அருட்பா, மருட்பாப் போரைத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்தது மூன்றாவது ஆள்: உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசையான யூனிகோடு. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ், ‘லதா’ என்ற தமிழ் எழுத்துருவோடு வந்தது. முகுந்தும் தமிழா குழுவினரும் ‘எ-கலப்பை’யை இலவசமாகத் தந்தார்கள், ஆங்கில விசைகளில் ‘அம்மா’ என்று தட்டினால் திரையில் அம்மாவே வந்தாள். அதிராம்பட்டினத்து உமர் தம்பி, எழுத்துரு நிறுவாத பிரவுசிங் சென்டர் கணினியிலும் தமிழ் தெரியும்படி ‘தேனீ’ எழுத்துருவைப் பறக்கவிட்டார். கருவி தயார். இனி என்னதான் எழுதுவார்கள்?

எதையும் எழுதினார்கள். யாஹூ குழுமங்களில் ‘மரத்தடி’, ‘அகத்தியர்’, இரா. முருகன் முன்னின்ற ‘ராயர் காபி கிளப்’ என்று ஊருக்கு ஊர் திண்ணை முளைத்தது. ஒருவர் சாம்பார் வெங்காயத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்; மூன்றாவது மடலில் அது சங்கப் பாடலுக்குப் போகும்; எட்டாவது மடலில் யாரோ ஒருவர் தன் பாட்டியின் மரணத்தை எழுதியிருப்பார்; பத்தாவது மடலில் வெண்பாவால் கிண்டல். முதல் கேள்வி எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். இதற்கென்று சொற்களும் வந்தன. கடிதம் ‘மடல்’ ஆனது, தொடர்பேச்சு ‘இழை’ ஆனது, சண்டையை விலக்கிவிடுபவர் ‘மட்டுறுத்துநர்’ ஆனார். அச்சில் பெயர் பெற்றவர்களும் எட்டிப்பார்த்தார்கள். சுஜாதா அம்பலம் இணைய இதழில் சனிக்கிழமைகளில் வாசகர்களோடு அரட்டை அடித்தார். ஜெயமோகனை மரத்தடிக்காரர்கள் கேள்விகளால் துளைத்தார்கள். அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். மு.வ.வின் தம்பி கடைசியில் திருப்பி எழுதிவிட்டான். ஆனால் தம்பிக்கு இன்னும் தனி வீடு இல்லை.

2003இல் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தன. தம்பிக்கு வீடு கிடைத்தது. 2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஒரே முகப்பில் காட்டும் தளம் அது. அதில் ஒரு சின்ன வசதி இருந்தது. எந்தப் பதிவுக்குப் புதிதாகப் பதில் வந்ததோ, அந்தப் பதிவு முகப்பில் மறுபடி தலைகாட்டும். வாசகரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. அதுவே தமிழ் உரைநடையைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் என்று செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

பதிவைவிடப் பதிலுக்கு மவுசு கூடியது. மின்னணுவியல் பாடப்புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ‘பின்னூட்டம்’ என்ற சொல்லை எழுப்பிக் கொண்டுவந்து இதற்குச் சூட்டினார்கள். பதிவை முகப்பில் நிறுத்த எழுதியவரே தன் பதிவுக்குப் பதில் மேல் பதில் போட்டுக்கொண்டார். அதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயர். பத்துப் பேர் கூடி வேண்டுமென்றே நூறு பதில் போட்டால் ‘கும்மி’. முதலில் வந்து துண்டு போட்டவர் ‘மீ த பர்ஸ்ட்டு’ என்றார். பெயர் சொல்லாதவர் ‘அனானி’. பாராட்டுக்குள் ஊசி வைத்தால் ‘உள்குத்து’. அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொல்ல, வடிவேலு படத்திலிருந்து ‘ஆணி’யைப் பிடுங்கிக்கொண்டார்கள். முந்தைய ஆள் சொன்னது மிகவும் பிடித்துவிட்டால் ‘ரிப்பீட்டேய்!’ வாணியம்பாடிப் பந்தலில் ஒலித்த ‘முகர்ரர்’, மொழி மாறி, எழுத்தாகத் திரையில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் ஆபத்தும் கூடவே வந்தது.

அடுத்தவர் பெயரில் ஆபாசப் பதில் போடும் போலிகள் கிளம்பினார்கள். 1869இன் முகமூடி இப்போது எல்லோருக்கும் இலவசம். நட்புகள் முறிந்தன, சிலர் எழுதுவதையே விட்டார்கள். தமிழ்மணம் பதில்களுக்கு ‘உயரெல்லை’ வைத்தது. மட்டுறுத்தல் பரவியது. சாதி, ஈழம், பெண்ணியம் என்று கனமான விஷயங்களில் வந்த நல்ல பதில்களும் கும்மிக்குள் புதைந்தன. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தமிழ்க் கட்டுரைகளில் சில, பதிவுகளுக்குக் கீழே எழுதப்பட்டவைதான். அவற்றை யாரும் வெட்டி எடுத்து ஒட்டவில்லை. விதிவிலக்காக, ஜெயமோகனின் தளத்தில் வாசகர் கடிதமும் பதிலும் அன்றாடப் பகுதியாகவே ஆகி, ‘தன்மீட்சி’ போன்ற புத்தகங்களாகவும் வந்தன. மற்றவர்கள் ஃபேஸ்புக்குக்குக் குடிபோனார்கள். திண்ணை காலியாகிவிட்டது என்று பழைய பதிவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது ஒரு சுத்தியல் விழுந்தது.

2019 மே மாதக் கடைசி. சிவில் என்ஜினியரிங் மாணவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பதில் சொன்னார்: இதன் பெயர் சுத்தியல், அடித்தால் ‘டங் டங்’ என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை அவருடைய அண்ணன் மகன் இதைப் போட்டுத்தான் உடைத்தான், பாவம். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்து வடிவேலு காட்சி! இன்னொரு தமிழர் கண்ணடிக்காமல் நலம் விசாரித்தார்: இப்போது எப்படி இருக்கிறார்? அவ்வளவுதான். மருத்துவமனை அறிக்கை, காவல்துறை விசாரணை, பிரார்த்தனைக் கூட்டம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு வரியாகக் கதையை நீட்டினார்கள். மோதி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்ற மே 30 அன்று, நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணியில் நின்றது. வடநாட்டுச் செய்தியாளர்கள் யார் இந்த நேசமணி என்று விசாரித்தார்கள். ஆசிரியர் இல்லாத, அச்சகம் இல்லாத ஒரு நகைச்சுவைப் புனைவு. தொடங்கிய இடம், ஒரு படத்துக்குக் கீழே இருந்த வெள்ளைப் பெட்டி.

அந்தப் பெட்டிதான் இந்தக் கதையின் நாயகன். இன்று அது இல்லாத திரையே இல்லை. ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி வேனில் ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் பெண்களின் கைபேசியில், பாட்டு, சமையல், சாமி, சண்டை எல்லாவற்றுக்கும் கீழே அது காலியாகக் காத்திருக்கிறது. வாணியம்பாடி சாலைக் குலுக்கலில் கட்டைவிரலால் தமிழ் தட்டி, அதை நிரப்பிவிட்டு இறங்கிப்போகிறார்கள். லோசானில் ஒரு வேதியியல்காரர் எழுத்துரு செய்ததும், ‘இ’ காணாமல் போனதும் அந்தப் பயணத்தில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அதே 2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குழுமங்களின் பழைய மடல்கள் அழிக்கப்படும், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். கெடு ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று யாஹூ குழுமங்கள் அடியோடு மூடப்பட்டன. யாராவது தங்கள் வன்தட்டில் எடுத்து வைத்திருந்தால் உண்டு. அதையும் இன்றைய கணினியில் திறந்தால் முதலில் தெரிவது காலும் அரையும் முக்காலுமாகத்தான் இருக்கும். அருட்பா, மருட்பாக் கண்டனங்களை ப. சரவணன் தேடிப் பிடித்துத் தொகுத்தார். காலச்சுவடு வெளியிட்ட தடித்த புத்தகமாக அவை கிடைக்கின்றன. மரத்தடி இழைகளுக்கு அப்படி ஒரு புத்தகம் வரவில்லை.